மீதி நெய்பவர்

முன்கையை நீட்டிக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார் குசாம்பாக்கா. படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான். "தறிப் பலகைய எப்டி அடிப்பீங்கன்னு இதுமேல தட்டிக் காட்டுங்க." காய்ச்சலில் கிடப்பவர் இரண்டு விரலால் தட்டுவார். கால் முறிந்து கிடப்பவர் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிவிட்டு, வலித்துவிட்டதோ என்று முகத்தைப் பார்ப்பார். அக்கா கண்ணை மூடி அதை வாங்கிக்கொள்வார். பிறகு, "நான் உக்காரட்டுங்களா?" என்று கேட்பார். அவர்கள் தலையை அசைத்த பின்னால்தான் தறிப்பக்கம் திரும்புவார்.

முழுப் பெயர் அபிதகுசாம்பாள். அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் அம்மன் பெயரை வைத்தார்களாம். எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் அவ்வளவு நீளத்தைக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒல்லியான உடம்பு. வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். நெற்றியில் விபூதி, மூக்கில் ஒரு கல் மூக்குத்தி. கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அதற்குள் சின்னக் கத்தரி, மோர்சாத டப்பா, வலிக்குத் தடவும் தைலம் இருக்கும்.

பட்டுச் சேலை நெய்கிறவர் பாதியில் விழுந்துவிட்டால் மீதியை முடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். இதில் என்ன இருக்கிறது, நெய்யத் தெரிந்த யாரும் உட்கார்ந்து நெய்யலாமே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். அப்படி நெய்தால் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் நூலை நெருக்குகிற பலகையை இழுத்து அடிப்பார். ஒருவர் லேசாகத் தட்டிவிடுவார். ஒருவர் குறுக்கு நூலை இறுக்கிப் பிடிப்பதால் ஓரம் உள்ளே வாங்கிக்கொள்ளும், இன்னொருவருக்குத் தளர்ந்து நெளியும். ஆள் மாறிய இடத்தில் சேலைக்குக் குறுக்கே ஒரு கோடு விழும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். நெய்யப் பட்டு கொடுக்கிற முதலாளிமார் அதைப் பழுது என்று தனியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். அக்கா நெய்தால் அந்தக் கோடு விழாது. அவர் உட்கார்ந்த இடத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

நான் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் குறுக்கு நூலைச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அக்கா போகிற வீட்டில் அதற்கு ஆள் இல்லையென்றால் என்னையும் அழைத்துக்கொண்டு போவார். அப்படித்தான் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அடுத்தவர் தறியில் எதையும் மாற்ற மாட்டார். உட்காரும் மணை உயரமாக இருந்தால் தறிக்குழிக்குள் இருக்கும் மிதிகட்டைக்குக் கால் எட்டாது, அப்போதும் மணையைத் தாழ்த்தச் சொல்ல மாட்டார். ஒரு சாக்கை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டு எக்கி எக்கி மிதிப்பார். குட்டையானவர் தறி என்றால் முதுகை வளைத்துக்கொண்டு கிடப்பார். "அவங்க குந்துன மாதிரி குந்தினாத்தான் அவங்க கை வரும்" என்பார். சாயங்காலம் தைலத்தைத் தேய்த்துவிடச் சொல்லி என்னிடம் முதுகைக் காட்டும்போது, இந்த வலியில் ஒன்றுகூடச் சொந்த வலி இல்லை, எல்லாம் ஊராருடையது என்று சிரிப்பார்.

அந்த வீட்டுக்காரர் என்ன கேட்டுக்கொண்டு நெய்தாரோ அதையே தானும் கேட்பார். முருகன் பாட்டு என்றால் முருகன் பாட்டு. ஒரு வீட்டில் நாள் முழுக்க ஆட்கள் கத்திச் சண்டை போடும் டிவி சேனலை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் நெய்வாராம். அக்காவும் அதையே வைத்துக்கொண்டு முடித்தார். "அதான் அந்தாளு அடி அவ்ளோ கோவமா இருந்துது. ஒரு வாரம் எனக்கும் யாரப் பாத்தாலும் கோவம் வந்துகினு இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு பாவம், பேஜாராயிட்டாரு" என்றார்.

ஊரில் அவருக்கு 'மீதி அக்கா' என்று ஒரு பெயர் உண்டு. மஞ்சள் பையோடு தெருவில் நடந்தால், டீக்கடையில் நிற்பவர்கள் இன்றைக்கு யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். "உனுக்கு ஒன்னும் ஆவல, டீயக் குடி" என்று சொல்லிவிட்டுப் போவார். கேலிதான். ஆனாலும் தறியில் புதிதாக நெடுக்கு நூல், அதாவது பாவு ஏற்றி, தேங்காய் உடைத்து, நல்லது தொடங்குகிற வீட்டில் அவரை யாரும் அழைப்பதில்லை. அவர் வந்து நிற்பதே வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார் என்று அர்த்தமாகிப் போனது. அவரும் அது தெரிந்து, பாவு விரிக்கிற காலை நேரத்தில் அந்தத் தெருவை விட்டு ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். வருத்தமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்றார். பிரசவத்துக்குப் போன பெண்ணின் தறியில் உட்கார மட்டும் சந்தோஷமாகப் போவார். அது ஒன்றுதான் அவருக்கு லீவு மாதிரி.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், அவர் வீட்டுக்காரர் கோபிநாத் ஒரு சேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவாசிக்கு பெட்ரோல் பங்க் வேலைக்குப் போய்விட்டார். நெசவு தனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா உட்கார்ந்து முடித்தார். சேலையை வாங்கிப் பார்த்த ராஜவேலு முதலாளி டியூப்லைட் அடியில் அதை முன்னும் பின்னும் திருப்பினார். கோபிநாத் எங்கே எழுந்து போனான் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த வாரமே இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிறகு வேறு முதலாளிகளும் கேட்டார்கள். அக்காவின் சொந்தத் தறி மெல்ல ஓரமாக ஒதுங்கி, துணி காயப்போடுகிற இடமாகிவிட்டது.

நடுவில் ஒரு தடவை ஆசைப்பட்டு அதில் பாவு ஏற்றினார். முதலிலிருந்து கடைசிவரை தானே நெய்கிற சேலை. என்னைக் கூப்பிட்டுத் தார் சுற்றச் சொன்னார். ஒரு முழம் நெய்ததும் நிறுத்திவிட்டு, துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் மீதி நெய்து கொடுத்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்; இது செல்லியம்மாள் அடி, அதற்கப்புறம் வருவது அந்தச் சண்டை சேனல் ஆள், இந்த ஓரம் போளூர்க்காரர் ஓரம் என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். அவர் சிரிப்பது போலத்தான் இருந்தது. எனக்கு என்னவோ பயமாகப் போய்விட்டது. "என் கைய எங்க வெச்சன்னு தெரியல" என்றார். அதற்குப் பிறகு அவர் சொந்தமாக ஏற்றவில்லை.

ஒன்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகுமா போகாதா என்பதில் அக்காவுக்குத் தனிக் கணக்கு உண்டு. கரண்டு மீட்டரில் பெயர் மாற்றலாம். கேஸ் கனெக்‌ஷனைப் பெயர் மாற்றலாம். ரேஷன் கார்டில் அடித்து எழுதலாம். தறியையே தூக்கி இன்னொரு வீட்டில் போடலாம். தூக்கமும் பசியும் போகாது. வலி பாதி போகும், பாதி போகாது என்பார். புருஷனைப் பற்றி, போகிற வீட்டுப் பெண்கள் கேட்டால், அதை மாற்ற எந்த ஆபீஸ் என்றே தெரியவில்லை என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்.

ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போனபோது நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். சந்தவாசல் ஊரில் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்மணியின் வேண்டுதலை அக்கா தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, வேப்பிலை கட்டி ஈரத்தோடு வலம் வந்தார். குளிரில் பல் கிட்டியது. நான் துண்டைக் கொடுத்துவிட்டு, ஒருவர் வேண்டினதை இன்னொருவர் செய்தால் சேருமா அக்கா என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே அந்தச் சந்தேகம் இருந்தது.

"கேட்டுட்டுதான வந்தன்" என்றார். "அந்தம்மா குட்தாங்க, நான் எடுத்தாந்து வெச்சிட்டன். அம்மாவுக்கு ஆளு தெரியாதா இன்னா."

எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மனுக்குத் தெரியும்.

போன வருஷம் தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில் தனசேகரனுக்கு வலப்பக்கம் வாதம் வந்துவிட்டது. நாலு வீடு தள்ளி இருப்பவர். நல்ல நெசவாளி. அதிகம் பேச மாட்டார். நெய்துகொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட, தறிக்குழியிலிருந்து இரண்டு பேர் தூக்கி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது உயிர் தங்கியிருந்தது, வலது கை தங்கவில்லை. வார்த்தை குழறியது. தறியில் வாழைக்குருத்துப் பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலை பாதியில் நின்றது.

ராஜவேலு முதலாளி வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்று பேசினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். தனசேகரன் மனைவி திலகவதிக்கும் நெசவு தெரியும். இந்தச் சேலை பழுதில்லாமல் வந்தால் அடுத்த பாவை இந்த வீட்டுக்கே கொடுக்கிறேன், நீயே நெய்யலாம் என்றார். கோடு விழுந்தால் இந்த வீட்டுக்குப் பட்டு கொடுப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டு, அபிதகுசாம்பாளைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னார்.

அக்கா வந்தார். நானும் தார்க் கூடையோடு போனேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, வழக்கம்போல முன்கையை நீட்டினார். இடது கையால் தட்டினாலும் போதும் என்றார். தனசேகரன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது முதலில் புரியவில்லை. திலகவதிதான் வாயருகே காதை வைத்துக் கேட்டு, முகம் மாறி, சொல்ல மாட்டேன் என்பது போல நின்றாள். அவர் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

"எம் மாதிரி நெய்யாதம்மா. நான் எங்க நின்னன்னு... தெரியட்டும்."

அக்கா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

திலகவதிக்கு ஆத்திரம். இந்த மனிதருக்கு எந்த நேரத்தில் என்ன பெருமை என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். கோடு விழுந்தால் அடுத்த பாவு வராது, இரண்டு பேரும் எதைத் தின்பது, ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாலும் நான்தான் தூக்க வேண்டும், அதில் தறியும் நின்றுபோனால் என்ன செய்வேன் என்று அழுதாள். அழுதுகொண்டே அக்காவிடம் திரும்பினாள். அவர் கிடக்கட்டும், நீ போய் உட்கார் என்றாள். அக்கா அசையவில்லை. அண்ணன் சொல்லட்டும் என்றார்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் குந்தி நெய்ற. எங்க வூட்டுக்குன்னா மட்டும் இன்னா? அவரு தட்டிக் காட்டாட்டி உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அக்கா. "துணியத் தொட்டாத் தெரியும்."

"அப்பறம் எதுக்குக் கைய நீட்டிகினு நிக்கிற?"

"கேக்காம எடுத்துக்கக் கூடாதும்மா."

இத்தனை வருஷம் கூடவே போய்வந்த எனக்கு அன்றைக்குத்தான் அது விளங்கியது. அடி எப்படி என்று கற்றுக்கொள்ள அவர் கையை நீட்டவில்லை. அனுமதி கேட்கிறார்.

அன்று நெய்யாமலே திரும்பினோம். மறுநாளும் போனோம். மூன்று பேருக்கும் திலகவதி டீ போட்டாள், யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தனசேகரன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் ஒன்றும் செய்யாமல் இருக்க முடியாமல் தார் சுற்றிக்கொண்டே இருந்தேன். கூடை நிறைந்துவிட்டது. மழை விட்டு வெளிச்சம் வந்தபோது அக்கா எழுந்து, உட்காரவில்லை, சும்மா பார்க்கிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

படமரத்தில் சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் தளர்த்தி மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து, கண் தெரியாதவர் முகத்தைத் தடவுவது போல மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். நெய்து முடித்த விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. கன்னத்தைத் துணியில் வைத்து வெளிச்சத்தின் பக்கமாகச் சாய்ந்து பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே பச்சை, ஒரே சீர், தேங்கிய தண்ணீர் போல இருந்தது.

அக்கா கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எப்பத்திலிருந்துண்ணா ரெண்டு தபா அடிச்சிகினு இருந்தீங்க?"

தனசேகரனின் ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக் காதுப்பக்கம் போனது.

திலகவதிக்கு அது புரியவில்லை. என்ன இரண்டு தடவை என்று கேட்டாள். அக்கா சொன்னார். கடைசியாக நெய்த இடத்தில் ஒவ்வொரு நூலுக்கும் அவர் இரண்டு அடி அடித்திருக்கிறார். ஒரு அடிக்குக் கையில் வலு போதவில்லை. இரண்டாவது அடியைக் கொடுத்து, முன்னால் நெய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாதம் வந்தது அன்றைக்கு இல்லை. அதற்கு முன்னாலேயே கை போய்க்கொண்டிருந்தது. அது தெரிந்துகொண்டே, யாருக்கும் சொல்லாமல், ஒரு சாண் தூரம் அவர் நெய்திருக்கிறார்.

திலகவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டதாம். டக், டக் என்று இருந்தது டக்டக், டக்டக் என்று மாறியதாம். தன் மேல் ஏதோ கோபத்தில் அடிக்கிறார் என்று நினைத்தாளாம்.

"தறியாண்ட கோவத்தக் காட்டாதன்னு கத்தனன்" என்றாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாரா பாரு."

அடுப்படிக்குப் போனாள். முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து புருஷனின் காலருகே உட்கார்ந்து, போர்வையைச் சரி செய்தாள். அவர் சொன்னபடியே நெய்யட்டும், பாவு வந்தால் வருகிறது, போனால் போகிறது என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சொல்லவில்லை.

அக்கா உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மனது ஓரளவு புரிந்தது. கோடு விழுந்தால் திலகவதிக்குப் பாவு போகும். விழாவிட்டால் இந்த மனிதர் இத்தனை காலம் நெய்தது எங்கே முடிந்தது என்பதே உலகத்தில் இல்லாமல் போகும். அப்படி எத்தனை பேருடைய முடிவை அக்கா துடைத்துவிட்டுப் போயிருப்பார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். அவர்களும் கும்பிட்டுத்தான் அனுப்பினார்கள்.

"முதலாளியாண்ட நான் பேசிக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்கையை நீட்டாமல், "உக்காரட்டுங்களாண்ணா?" என்றார். தனசேகரன் கண்ணை மூடித் திறந்தார்.

அன்றைக்கு அவர் செய்த முதல் காரியம், மணையைத் தூக்கி நகர்த்தச் சொன்னது. என் காதையே நம்ப முடியவில்லை. தன் காலுக்கு எட்டும்படி, தன் முதுகுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார். சாக்கு வேண்டாம் என்றார். தனசேகரன் கேட்டுக்கொண்டு நெய்கிற பாட்டும் வேண்டாம் என்றார். நாடாவைத் தள்ளி ஒரு அடி அடித்தார், நின்றார். இது வேறு ஆள் என்றார். பிரித்தார். மறுபடி நெய்தார். மறுபடி பிரித்தார். பட்டைப் பிரிப்பது லேசான வேலை இல்லை, நூல் பிசிறு விடும், பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அவர் முகத்தில் வேர்வை வழிந்தது. யார் யாரோ அவர் கையில் வந்து போனார்கள். மத்தியானச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனதுக்குள் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே தாரைச் சுற்றினேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. லேசான அடி. கொஞ்சம் தயங்கி, பிறகு விழுகிற அடி. புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பெண் சமையலறையில் பாத்திரம் வைக்கிற மாதிரி இருந்தது. அது நிற்கவில்லை. அக்காவும் பிரிக்கவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தபோது, பச்சைக்குக் குறுக்கே மயிர் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர். இந்தப் பக்கம் லேசாகக் காற்று பட்ட தண்ணீர். மோசமில்லை, வேறு, அவ்வளவுதான்.

சேலை முடிந்ததும், முதலாளியிடம் போவதற்கு முன்னால் கட்டிலில் விரித்துக் காட்டினார்கள். தனசேகரனின் இடது கையைத் திலகவதி பிடித்து அதன்மேல் வைத்தாள். கை தானாகவே நகர்ந்துகொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. இங்கே என்றார். அது மட்டும் குழறாமல் வந்தது. அந்த விரலை எடுக்க அவருக்கு வெகுநேரம் மனது வரவில்லை.

முதலாளியின் கடை இருக்கிற ஆரணிக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். அக்கா வழி முழுக்கத் தூங்கினார். தலை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. கடையில் ராஜவேலு முதலாளி சேலையை வாங்கி டியூப்லைட்டுக்குக் காட்டினார். கட்டைவிரல் நேரே கோட்டுக்குப் போய்விட்டது. அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை.

"இது வரிக்கும் தனசேகரன்" என்றார். "கண்ணாடி மாதிரி நெய்திருக்கான். இதுக்கப்பறம் யாரு கை இது?"

"என் கைங்க."

"தோளு வலிக்குதா?"

"இல்லீங்க. இதான் என் கை."

பழுது அந்த வீட்டுடையது இல்லை என்று திலகவதிக்காக அக்கா சொன்னார். தனசேகரன் நெய்த வரைக்கும் ஒரு குறையும் காட்ட முடியாது, திலகவதியும் அந்த வீட்டில் அவர் பக்கத்திலேயே இருந்து பழகியவள், பாவை அவளுக்குக் கொடுங்கள் என்றார். முதலாளி தலையாட்டினார். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு, உன்னை இனிமேல் எந்த வீட்டுக்கு நம்பி அனுப்புவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கா, சரிங்க என்றார். அந்தச் சரிங்கவில் வருத்தம் எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலாளிக்கும் அக்காமேல் பழைய மரியாதை விட்டுப்போகவில்லை. கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே சேலையை மடித்தார். கோடு உள்பக்கமாகப் போகும்படி மடித்து, மேலே அரக்குக் கரையும் முந்தானை ஜரிகையும் தெரியும்படி திருப்பினார். இப்படி இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், நல்ல சேலையோடேயே போகட்டும், உன் பெயரும் கெடாது என்று சொல்லி அடுக்கில் வைக்கப் போனார்.

அக்கா இரண்டு கையையும் நீட்டிச் சேலையை வாங்கினார். பாயில் உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். பிறகு அந்தக் கோடு மேலே வருகிற மாதிரி மடித்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டு, முதலாளியின் முன்னால் வைத்தார்.